கழுத்தில் கத்தி வைக்க உலகமே பயந்த காலம்: தைராய்டு அறுவை சிகிச்சையை மாற்றிய தியோடர் கோக்கர் யார்?

கழுத்தின் முன்பக்கம் சின்னதாக ஒரு கட்டி. ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்து ரிப்போர்ட் வருகிறது. தைராய்டு புற்றுநோய், கழுத்து நெறிகளிலும் பரவியிருக்கிறது என்று அதில் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்கே தெரியும். பரவிடுச்சுன்னா அவ்வளவுதானா என்பார் ஒருவர். கத்தி பட்டா இன்னும் வேகமா பரவும் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கழுத்துல ஆபரேஷன் பண்ணா குரல் போயிடும் என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சிலேயே சில மாதங்கள் ஓடிவிடும்.

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. 150 வருடங்களுக்கு முன்னால் இதே பயம் உலகத்தின் பெரிய பெரிய மருத்துவர்களுக்கே இருந்தது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அந்தப் பயத்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எமில் தியோடர் கோக்கர். நோபல் பரிசு வாங்கிய முதல் அறுவை சிகிச்சை நிபுணர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், தைராய்டு புற்றுநோய்க்கு டாக்டர்கள் இன்று ஏன் இப்படி ஆபரேஷன் செய்கிறார்கள், ஏன் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

ஆபரேஷன் டேபிளிலேயே உயிர் போன காலம்

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி, பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சுரப்பி. அளவில் சின்னதுதான். ஆனால் அதற்குள் ஓடும் ரத்தம் அதிகம். நான்கு பெரிய ரத்தக் குழாய்கள் அதற்கு ரத்தம் கொண்டுவருகின்றன. பின்னால் குரல் நரம்பு போகிறது. பக்கத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி.

19-ம் நூற்றாண்டின் நடுவில் இந்த இடத்தில் கத்தி வைத்தால் என்ன ஆகும்? ரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் சிலர் மேஜையிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் சில நாட்களில் சீழ் பிடித்து இறந்தார்கள். அறுவை செய்துகொண்ட 10 பேரில் 4 பேர் இறந்த காலம் அது. 1850-ல் பிரான்ஸ் மருத்துவ அகாடமி இந்த அறுவை சிகிச்சையையே கண்டித்தது. அப்போது வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். பாரிஸிலேயே கைவைக்காதே என்று சொல்லப்பட்ட நோய், முன்கழுத்துக் கழலை.

ஆனால் நோய் இருந்தது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அது மிக அதிகமாகவே இருந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைவு என்பதால், சுவிஸ் கிராமங்களில் பெரிய கழலையோடு நடமாடுவோர் சர்வசாதாரணம். சிலருக்குக் கழலை மூச்சுக்குழாயையே நெரிக்கும். படுத்தால் மூச்சு விட முடியாது. அறுவை செய்தால் சாகலாம், செய்யாவிட்டாலும் சாகலாம் என்ற நிலை. கோக்கர் பிறந்தது அந்த ஊரில்தான்.

30 வயதில் பேராசிரியர்

1841 ஆகஸ்ட் 25-ல் பெர்ன் நகரத்தில் பிறந்தார் கோக்கர். அப்பா பொறியாளர். அம்மா ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். அம்மாவின் அந்தக் குணம் மகனுக்குக் கடைசிவரை இருந்தது. பெர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்துவிட்டு, அந்தக் கால வழக்கப்படி பெரிய ஆட்களிடம் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். பெர்லின், லண்டன், பாரிஸ் என்று ஒரு சுற்று. அறுவை சிகிச்சையில் கிருமியை ஒழிக்க வேண்டும் என்று ஜோசப் லிஸ்டர் பிரிட்டனில் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த யோசனையை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டவர்களில் கோக்கரும் ஒருவர்.

1872-ல் பெர்ன் பல்கலைக்கழக அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைவர் பதவி காலியானது. மருத்துவப் பேராசிரியர்கள் வெளியூர் ஆள் ஒருவரைக் கொண்டுவர விரும்பினார்கள். மாணவர்களும் உள்ளூர்ப் பத்திரிகைகளும் கோக்கருக்காகக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் அரசு கோக்கரையே நியமித்தது. அப்போது அவருக்கு வயது 30. அடுத்த 45 வருடங்கள், சாகும்வரை, அதே நாற்காலிதான். வேறு நகரங்களிலிருந்து அழைப்புகள் வந்தும் அவர் பெர்னை விட்டுப் போகவில்லை.

தோள்பட்டை விலகினால் சரிசெய்யும் முறை, வயிற்று அறுவை நுட்பங்கள், துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் பற்றிய ஆராய்ச்சி என்று பல துறைகளில் வேலை செய்தார். இன்றும் நம்மூர் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வகை இடுக்கியை கோக்கர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கழுத்துக் கட்டியைப் பரிசோதிக்கும்போது கோக்கர் டெஸ்ட் என்று ஒன்றைச் செய்து காட்டுவார்கள். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது தைராய்டுக்காக.

வேகம் வேண்டாம், நிதானம் போதும்

மயக்க மருந்து வருவதற்கு முன்னால் நல்ல சர்ஜன் என்றால் வேகமான சர்ஜன் என்று அர்த்தம். நோயாளி வலியில் துடிக்கும்போது எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்பதுதான் திறமை. மயக்க மருந்து வந்த பிறகும் பலருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

கோக்கர் அதற்கு நேர் எதிர். மெதுவாகச் செய்வார். ஒவ்வொரு ரத்தக் குழாயாகத் தேடிப் பிடித்து, இடுக்கியால் கவ்வி, கட்டிய பிறகுதான் வெட்டுவார். திசுக்களைப் பிய்க்க மாட்டார். கழுத்தின் கீழே, சட்டைக் காலர் உட்காரும் இடத்தில், தோலின் மடிப்பை ஒட்டிக் குறுக்காகக் கீறல் போடுவார். அந்தக் கீறலுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். தைராய்டு ஆபரேஷன் செய்தவர்கள் கழுத்தில் நகை போட்ட மாதிரி ஒரு மெல்லிய கோடு பார்த்திருப்பீர்களே, அது அவர் வகுத்த பாதை. குளோரோஃபார்ம் கொடுப்பதால் வரும் ஆபத்தைத் தவிர்க்க, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்யும் முறையையும் அவர் விரும்பினார். நோயாளி விழித்திருந்தால் நடுவில் பேசச் சொல்லலாம். குரல் மாறினால் நரம்புக்குப் பக்கத்தில் கை போகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பலன்? அவர் செய்த முதல் நூற்றுச் சொச்சம் அறுவைகளில் இறப்பு சுமார் 13 சதவீதம். 1890-களின் கடைசியில் அது 1 சதவீதத்துக்கும் வெகு கீழே போய்விட்டது. ஒரே தலைமுறைக்குள், ஒரே ஆஸ்பத்திரியில் நடந்த மாற்றம் இது.

இதோடு கதை முடிந்திருந்தால் கோக்கர் கைத்திறமை உள்ள ஒரு சர்ஜன், அவ்வளவுதான். அவர் வாழ்க்கையின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

18 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்

1874 ஜனவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழலை அறுவை செய்தார் கோக்கர். சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார். மிச்சம் வைத்தால் மறுபடியும் வளருமே, முழுசா எடுத்துட்டா தொல்லை விட்டது என்பதுதான் அன்றைய எண்ணம். ஆபரேஷன் வெற்றி. காயம் ஆறியது. சிறுமி ஊருக்குப் போய்விட்டாள்.

அவளை அனுப்பிவைத்த மருத்துவர் பிறகு ஒரு தகவல் சொன்னார். சிறுமியின் சுபாவமே மாறிவிட்டது, சுறுசுறுப்பாக ஓடியாடியவள் மந்தமாகிவிட்டாள் என்று. அப்போது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

1882-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ஜாக்-லூயி ரெவெர்டின் என்ற சர்ஜன், தைராய்டை முழுவதுமாக எடுத்த தன் நோயாளிகள் சிலர் சில மாதங்களில் சோர்ந்து, முகம் வீங்கி, மந்தமாகிவிடுகிறார்கள் என்று கோக்கரிடம் சொன்னார். கோக்கருக்குச் சுருக்கென்றது. தன் நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள்? அறுவை முடிந்து நன்றாக வீட்டுக்குப் போனார்கள் என்பது தெரியும். அதன் பிறகு?

பழைய ஏடுகளைப் புரட்டி, முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் போட்டு, பெர்னுக்கு வரச் சொன்னார். 18 பேரை நேரில் பரிசோதித்தார். அவர்களில் 16 பேரின் உடல்நிலை கெட்டிருந்தது. தோல் தடித்து, முகம் ஊதி, முடி கொட்டி, பேச்சு மெதுவாகி, யோசனை மந்தமாகி இருந்தார்கள். தப்பித்த இரண்டு பேருக்கும் சுரப்பியின் ஒரு துண்டு உள்ளே தங்கி மறுபடியும் வளர்ந்திருந்தது. அதனால்தான் தப்பித்திருந்தார்கள்.

அந்தச் சிறுமியும் வந்தாள். முன்பு அவளும் அவள் தங்கையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பார்களாம். இப்போது தங்கை வளர்ந்து இளம்பெண்ணாக நிற்கிறாள். அக்கா குழந்தையின் உயரத்திலேயே, மூளை வளர்ச்சி நின்றுபோய் இருந்தாள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது, தான் என்ன செய்துவிட்டோம் என்பது கோக்கருக்குப் புரிந்தது.

1883 ஏப்ரலில் பெர்லினில் நடந்த ஜெர்மன் சர்ஜன்கள் மாநாட்டில் இதை எல்லோர் முன்னாலும் வெளிப்படையாகச் சொன்னார். சாதாரணக் கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். கட்டி புற்றாக இருந்தால் மட்டும் அது வேறு கணக்கு.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். முதலில் இதைக் கவனித்தவர் ரெவெர்டின். அவருக்கு உரிய பெயரை கோக்கர் தாராளமாகக் கொடுக்கவில்லை என்ற விமர்சனம் அன்றிலிருந்து இன்றுவரை உண்டு. காரணத்தைக் கண்டுபிடிப்பதிலும் கோக்கர் முதலில் சறுக்கினார். மூச்சுக்குழாய் பாதிக்கப்பட்டு ஆக்சிஜன் குறைவதால் இப்படி ஆகிறது என்று நினைத்தார். தைராய்டு சுரப்பு இல்லாததுதான் காரணம் என்று லண்டனில் ஃபெலிக்ஸ் சீமோன் சொன்னபோது பலர் சிரித்தார்கள். 1888-ல் லண்டன் மருத்துவர்கள் குழு ஒன்று அதுதான் சரி என்று உறுதிசெய்தது.

ஆட்டின் சுரப்பியிலிருந்து காலை மாத்திரை வரை

கோக்கரின் அந்த 16 நோயாளிகள் மருத்துவத்துக்கு ஒரு பெரிய உண்மையைக் கற்றுக்கொடுத்தார்கள். தைராய்டு இல்லாமல் உடம்பும் மூளையும் ஒழுங்காக இயங்காது. அப்படியென்றால் இல்லாத சுரப்பை வெளியிலிருந்து கொடுத்தால்? 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஏறக்குறைய 28 வருடங்கள் வாழ்ந்தார். 1914-ல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்தச் சுரப்பைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1920-களில் அது ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரானது.

இன்று காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்லும் தைராக்சின் மாத்திரை இந்த வரிசையில் வந்ததுதான். இந்த ஒரு மாத்திரை இருப்பதால்தான், புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் ஒருவர் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம். அந்தச் சிறுமிக்கு இது கிடைக்கவில்லை.

சிலருக்கு ஏன் கை இழுத்துக்கொண்டது?

அதே காலத்தில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற மாபெரும் சர்ஜனும் தைராய்டு அறுவை செய்துகொண்டிருந்தார். ஒரு விநோதம் நடந்தது. பில்ரோத்தின் நோயாளிகள் சிலருக்கு அறுவைக்குப் பிறகு கை கால் இழுத்துக்கொண்டது, வலிப்பு வந்தது. கோக்கரின் நோயாளிகளுக்கு அது அபூர்வம். அவர்களுக்கு வந்தது மந்தம். ஒரே ஆபரேஷன், இரண்டு வேறு விளைவுகள்.

இரண்டு பேரின் கைவேலையையும் நேரில் பார்த்த அமெரிக்க சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் பிற்பாடு அதை விளக்கினார். தைராய்டின் பின்பக்கம் பருப்பு அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் அளவைக் கவனிப்பது அவைதான். பில்ரோத் வேகமாகச் செய்ததில் அவை போயிருக்கின்றன. கோக்கர் சுரப்பியின் உறையை ஒட்டியே நிதானமாகப் பிரித்ததில் அவை பிழைத்திருக்கின்றன. ஆனால் தைராய்டு ஒரு துளிகூட மிஞ்சவில்லை.

இன்று தைராய்டு ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் கால்சியம் அளவு பார்ப்பது இதற்காகத்தான். உதடு ஓரம், விரல் நுனி மரமரத்தால் உடனே சொல்லுங்கள் என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதற்காகத்தான்.

நோபல் பரிசும் லெனினின் மனைவியும்

1909-ல் தைராய்டு பற்றிய ஆராய்ச்சிக்காகவும் அறுவை சிகிச்சைக்காகவும் கோக்கருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உலகம் முழுவதிலிருந்தும் நோயாளிகளும் இளம் மருத்துவர்களும் பெர்னுக்கு வந்தார்கள். பிற்காலத்தில் மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று பெயரெடுத்த ஹார்வி குஷிங்கும் அங்கே வந்து வேலை செய்தவர்தான்.

1913-ல் வந்தவர்களில் ஒருவர் நதேஷ்தா குரூப்ஸ்கயா. லெனினின் மனைவி. தைராய்டு கோளாறால் அவதிப்பட்ட அவரை லெனின்தான் பெர்னுக்கு அழைத்துவந்து, கோக்கரின் நேரம் கிடைக்கும்வரை காத்திருந்தார். ரஷ்யப் புரட்சிக்கு அப்போது இன்னும் நான்கு வருடங்கள் இருந்தன. கோக்கர் அறுவை செய்தார். குரூப்ஸ்கயா அதற்குப் பிறகு 26 வருடங்கள் உயிரோடு இருந்தார்.

தன் வாழ்நாளில் 5,000-க்கும் அதிகமான தைராய்டு அறுவைகளைச் செய்தார் கோக்கர். 1917 ஜூலை 27-ல், 75 வயதில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புவரை வேலையில்தான் இருந்தார். அவர் இறந்து ஐந்து வருடங்களில் சுவிட்சர்லாந்து சமையல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது. எந்த நோயை அறுத்து அறுத்து அவர் பெயர் எடுத்தாரோ, அந்த நோய் ஒரு சிட்டிகை உப்பில் குறைய ஆரம்பித்தது. இந்தியாவில் 1962-ல் தொடங்கிய கழலைத் தடுப்புத் திட்டத்தின் அடிப்படையும் அதே உப்புதான்.

சரி, நெறிகளில் பரவினால்?

கழுத்தில் நெறி கட்டியிருக்கு என்று நாம் சொல்வோமே, அந்த நெறிதான் மருத்துவர்கள் சொல்லும் நிணநீர்க் கணு. கிருமி வந்தாலும் வீங்கும், புற்றுசெல் வந்தாலும் வீங்கும். சல்லடை மாதிரி ஒரு காவல் நிலையம். கழுத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

புற்றுநோய் முதலில் பக்கத்து நெறிகளில் போய் உட்காரும், அவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற யோசனை கோக்கர் காலத்தில்தான் உருவானது. 1880-ல் நாக்குப் புற்றுக்கு அவர் வகுத்த முறையில், தாடைக்குக் கீழே திறந்து அங்குள்ள நெறிகளையும் எடுத்தார். 1906-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டைச் சேர்ந்த ஜார்ஜ் கிரைல், கழுத்தின் ஒரு பக்கத்து நெறிகள் அத்தனையையும் ஒரே தொகுப்பாக எடுக்கும் முறையை, 132 அறுவைகளின் அனுபவத்தோடு வெளியிட்டார். ஆனால் அதற்குக் கொடுத்த விலை அதிகம். கழுத்தின் பெரிய தசை, பெரிய ரத்தநாளம் எல்லாம் சேர்ந்து போயின. தோளைத் தூக்கும் நரம்பையும் எடுப்பது வழக்கமானது. உயிர் பிழைத்தவருக்குக் கழுத்து குழிந்திருக்கும், கை மேலே தூக்க வராது. 1960-களில் அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ் போன்றவர்கள், தசையையும் நரம்பையும் ரத்தநாளத்தையும் காப்பாற்றிக்கொண்டே நெறிகளை மட்டும் கொழுப்போடு உரித்தெடுக்கலாம் என்று காட்டினார்கள். எவ்வளவு எடுக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கோக்கர் 1883-ல் தைராய்டில் கேட்ட கேள்விதான், நெறிகளிலும் திரும்ப வந்தது.

தைராய்டு புற்றில் இன்றைய நிலைமை என்ன? சுருக்கமாகப் பார்க்கலாம்.

• தைராய்டில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. புற்றாக வருவதில் மிக அதிகம் பாப்பில்லரி என்ற வகை. இது மெதுவாக வளரும். கழுத்து நெறிகளுக்குப் போவது இதன் வழக்கம்.

• நெறிகளுக்குப் பரவியது என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. பாப்பில்லரி வகை வந்தவர் 55 வயதுக்குக் கீழே என்றால், நெறிகளில் இருந்தாலும், நுரையீரல், எலும்பு போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போகாதவரை அது முதல் நிலைதான். இன்று உலகம் முழுவதும் பின்பற்றும் கணக்கு இது. திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பதால் கவனிப்பு கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

• ஆபரேஷனுக்கு முன்னால் கழுத்து முழுவதும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்வார்கள். சந்தேகமான நெறியில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பகுதி நெறியில் நோய் உறுதியாகிறதோ, அந்தப் பகுதி நெறிகளை மொத்தமாக எடுப்பார்கள். வீங்கிய ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் பக்கத்தில் ஒளிந்திருப்பது பிறகு தலைகாட்டும்.

• மூச்சுக்குழாயை ஒட்டியுள்ள நடுப்பகுதி நெறிகளை எடுக்கும்போது பாராதைராய்டுக்கும் குரல் நரம்புக்கும் ஆபத்து கொஞ்சம் அதிகம். அதனால்தான் நோய் தெரியாத இடத்திலும் முன்னெச்சரிக்கையாக எடுக்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கிறது. பக்கவாட்டு நெறிகளை எடுக்கும்போது தோள் நரம்பைக் காப்பாற்றுவது முக்கியம்.

• ஆபரேஷனுக்குப் பிறகு தேவைப்பட்டால் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை உறிஞ்சும்போது கதிரியக்கமும் உள்ளே போய் அவற்றை அழிக்கும்.

• மெடுல்லரி என்ற இன்னொரு வகை உண்டு. அதற்குக் கதிரியக்க அயோடின் வேலை செய்யாது. நெறிகளோடு சேர்த்து முறையாக அறுவை செய்வதுதான் முக்கியச் சிகிச்சை. இதில் ஒரு பகுதி பரம்பரையாக வருவதால், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம்.

கத்தி பட்டா பரவுமா? பரவாது. நெறிக்குப் போவது அந்த நோயின் சுபாவம். கத்திக்கு முன்னாலேயே போயிருக்கும். தள்ளிப்போட்டால்தான் நெறியைத் தாண்டிப் போக நேரம் கிடைக்கும்.

வில்லியனூர், பாகூர் வாசகர்களுக்கு

கோக்கரிடம் வந்தவர்களில் பலர் பெர்னைச் சுற்றியிருந்த கிராமத்து விவசாயக் குடும்பத்தினர். நம்முடைய கொம்யூன்களின் நிலைமையும் அதிலிருந்து ரொம்ப தூரமில்லை. ஒரு வித்தியாசம், நமக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, அங்கேயே புற்றுநோய்ப் பிரிவும் இருக்கிறது. பாகூர் கொம்யூனுக்குள்ளேயே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பகுதிகளில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் போவது இப்போது பெரிய சிக்கல் இல்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு வருடக்கணக்கில் போய்வருவதுதான் சிக்கல். உடம்பு நல்லாத்தானே இருக்கு, ஒரு நாள் கூலியோ ஒரு நாள் லீவோ எதுக்கு வீணாக்கணும் என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது.

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

• முழுச் சுரப்பியும் எடுத்தவர் தைராக்சின் மாத்திரையை வாழ்நாள் முழுக்க நிறுத்தக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீ, காபி, டிபன். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி.

• சோர்வு, முகவீக்கம், எடை ஏறுதல், முடி கொட்டுதல், காரணமில்லாத மந்தம் இருந்தால் வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கோக்கரின் 16 பேருக்கு வந்ததும் இவைதான்.

• உதடு, விரல் மரமரத்தல், கை இழுத்துக்கொள்ளுதல் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்கு.

• கர்ப்பம் உறுதியானதும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். தானாக நிறுத்தினால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆபத்து.

• டாக்டர் சொன்ன தேதியில் கழுத்து ஸ்கேனும் தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். நெறியில் நோய் திரும்ப வந்தால் கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் இவற்றில் தெரிந்துவிடும்.

• ஆபரேஷன் ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டையும் போட்டோ எடுத்து மொபைலிலும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள். கோக்கரின் சிறுமியிடம் மாற்றத்தை முதலில் கவனித்தவரும் அவளை அனுப்பிவைத்த மருத்துவர்தான்.

அந்தச் சிறுமி அறுவைக்குப் பிறகு மறுபடி கோக்கரின் முன்னால் வந்து நிற்க ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் ஆயின. வந்திருந்தாலும் அன்று கொடுக்க மாத்திரை இல்லை. இன்று மாத்திரை இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி. அடுத்த விசிட் தேதி எழுதிய சீட்டு பீரோவுக்குள் எங்கேயாவது கிடந்தால், இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.